பரம்படித்த புல்வெளி

மாரீஸ்வரி மில் வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இறங்கியபோது அவளுக்குத் தெரிந்த பச்சை இரண்டே இரண்டுதான். ஒன்று, தேவதானத்தில் அவள் அப்பா பார்த்த நெல் வயல். இன்னொன்று, ராஜபாளையத்தில் அவள் வேலை பார்த்த நூற்பாலையின் ஆபீஸ் முன்னால் இருந்த புல்வெளி. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. வயலில் வேலை தெரியும், புல்வெளியில் அழகு தெரியும், இரண்டையும் சேர்த்தால் ஒரு தொழில் ஆகிவிடாதா என்று நினைத்தாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் ஊரில் பாதித் தொழில் இப்படி ஆரம்பித்ததுதான். மீதிப் பாதி இதைவிட மோசம்.

அவள் புருஷன் பாண்டிதுரை குட்டியானை ஓட்டுகிறவன். குட்டியானை என்றால் மலையிலிருந்து இறங்கி வருகிற ஜாதி இல்லை, நாலு சக்கர லோடு வண்டி. அதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பிள்ளைகள் அப்பா முகத்தை போனில் மட்டும் பார்த்து வளர்ந்தது போதும் என்று மாரீஸ்வரிதான் அவனை ஊருக்கு வரவழைத்தாள். வண்டி வாங்கியாயிற்று, மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாக்களில் நாற்று வளர்த்தாயிற்று, ஒவ்வொரு டப்பாவையும் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாயிற்று. ஒரு செம்பருத்தி மொட்டு விட்டால் போதும், அவள் போன் நம்பர் வைத்திருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் மூலமாகத்தான் சுயம்புலிங்கம் கிடைத்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் போகிற ரோட்டுக்கு உள்ளே, புதிதாகப் போட்ட ப்ளாட்டுகளில் முதல் ஆளாக வீடு கட்டியிருந்தார். சுற்றிலும் எல்லைக்கல் நட்ட வெறும் மனைகள். எல்லாம் அவரோடு ராணுவத்தில் இருந்தவர்களும், போலீஸில் இருந்த அவர் கூட்டாளிகளும் வாங்கிப் போட்டவை.

"எனக்குப் பூச்செடி கீச்செடி எல்லாம் வேண்டாம்மா," என்றார். "புல்லு. கேட்டுலருந்து போர்டிகோ வரைக்கும் பச்சக் கம்பளம் விரிச்ச மாதிரி. ஒரு சுருக்கம் இருக்கப்படாது. ஆவணில கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதோம். என் கூட்டாளிமார் அம்புட்டுப் பேரும் வாராங்க. அவங்க பாத்து வாயப் பொளக்கணும்."

மாரீஸ்வரிக்கு வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டாளிமார் வாயைப் பிளந்தால் அவர்கள் கட்டப்போகிற வீட்டுத் தோட்டமெல்லாம் இவள் கைக்கு வரும். முகத்தைச் சுளித்தால், ஆரம்பித்த இடத்திலேயே தொழில் படுத்துக்கொள்ளும். பாண்டிதுரை மறுபடியும் திருப்பூர் பஸ் ஏற வேண்டும், இவள் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் அவள் அந்த இடத்துக்குத் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்ததைக் கொடுத்தாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

புல்வெளிக்குச் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து போட வேண்டும். தண்ணீர் நிற்காமல் வடிகிற மாதிரி ஒரு பக்கம் லேசாகச் சரிவு வைக்க வேண்டும். யூடியூபில் பார்த்துப் பார்த்து பாண்டிதுரை இதைச் சொல்லவும் செய்தான். மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. செம்மண் ஒரு மண்ணா? நம் பக்கத்து ஆட்களுக்குக் கண்மாய்க் கரம்பை மேல் இருக்கிற மயக்கம் லேசுப்பட்டதில்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் அடிமடியில் படிந்திருக்கிற கறுப்பு வண்டலை வெட்டி எடுத்து வயலுக்கு அடிப்பார்கள். கரம்பை அடித்த நிலம் கைவிடாது என்று சத்தியமே செய்வார்கள். சாகக் கிடக்கிற தென்னையைக்கூடக் கரம்பை எழுப்பிவிடும் என்பார்கள். புல் எம்மாத்திரம்?

தேவதானத்தில் அவள் அண்ணன் வயலோரம் கரம்பையைக் குவித்து வைத்திருந்தான். அதைத்தான் குட்டியானையில் நடை நடையாக அடித்தார்கள். தேவதானத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எத்தனையோ கண்மாய் இருக்கிறது. ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. பிறந்த வீட்டு மண் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

மண்ணைக் கொட்டிய பிறகு தண்ணீர் தெளித்துப் பரம்படித்தாள். பரம்பு என்பது நடவுக்கு முன்னால் வயலைச் சமன் செய்ய இழுக்கிற பலகை. வயலில் அதை மாடு இழுக்கும். இங்கே பாண்டிதுரை இழுத்தான். அவள் பலகை மேல் ஏறி நின்று, "இந்தப் பக்கம் இழுங்க, அந்தப் பக்கம் இழுங்க" என்று ஓட்டினாள். ஊற்றின தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அப்படியே நிற்கிற அளவுக்கு மட்டம் வந்தது. நாற்றங்கால்கூட அப்படி அமையாது. சுற்றிலும் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு கரையும் கட்டினாள்.

"யூடியூபுல சரிவு வைக்கணும்னு போட்டிருந்தான் புள்ள," என்றான் பாண்டிதுரை, மூச்சு வாங்கிக்கொண்டே.

"விட்ட தண்ணி வடிஞ்சு போனா புல்லு எப்பிடிங்க குடிக்கும்? நீங்க சும்மா இழுங்க."

அதன் மேல் பாய் பாயாக வெட்டி வந்த கொரியன் புல்லை விரித்து, இரும்பு உருளையை உருட்டி அமுக்கினார்கள். கரம்பை தன் வேலையைக் காட்டியது. ஆடி முடிவதற்குள் அந்தப் புல் அப்படி ஒரு பச்சை பிடித்தது. சுபேதார் தினமும் காலையில் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் ஓரமாகவே சுற்றி வருவார். மாரீஸ்வரியின் ஸ்டேட்டஸில் வேறு படமே கிடையாது. யாராவது பார்த்தால் இவள் பிறந்ததே புல் போடத்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை மத்தியானம், செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்தது. வெயில் அந்த வருஷம் கண்மாய்களை எல்லாம் பிளந்து போட்டிருந்தது. அதற்கெல்லாம் சேர்த்து வானம் ஒரே நாளில் பதில் சொல்வது போலக் கொட்டியது. ராஜபாளையத்தில் வீட்டு வாசலில் நின்று மாரீஸ்வரி மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். புல்லுக்கு நல்லது என்றுகூடச் சொன்னாள். போன் அடித்தது.

"தண்ணி நிக்குதும்மா," என்றார் சுபேதார். குரல் உயரவே இல்லை. "கெண்டைக்கால் அளவுக்கு நிக்குது. புல்லு தெரியல. என்னென்னமோ சத்தம் வேற கேக்குது. மோட்டாரோட வா."

வண்டியில் போகும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீரைப் பிடித்து வைக்கிற மண், தண்ணீர் ஓடாத மட்டம், சுற்றிலும் கரை. புல்வெளி போடுகிறேன் என்று போய் அவள் வயல் அல்லவா செய்து வைத்திருக்கிறாள்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றால் இதுதான். அழுகை வரவில்லை. தன் மேலேயே வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாண்டிதுரை 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லாமல் ஓட்டியதற்கு அவனைக் கும்பிடலாம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாக ஒடுங்கியிருந்தது. நல்ல வெளிச்சம் இருந்தது. வண்டி திரும்பும்போதே சத்தம் கேட்டது. யாரோ ஏற்கெனவே டீசல் மோட்டார் போட்டுவிட்டார்கள் என்று பாண்டிதுரை நினைத்தான். மாரீஸ்வரிக்கு மில்தான் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்ததும் அத்தனை மெஷினும் சேர்ந்து நெஞ்சுக்குள் வந்து இடிக்குமே, அந்தச் சத்தம். அதற்கு நடுவே மாடு கத்துவது போல ஒரு அடித்தொண்டைக் குரல்.

கேட்டைத் தள்ளினாள். தள்ளிய கையை எடுக்க மறந்து போனாள்.

மஞ்சள். தண்ணீர் முழுக்க மஞ்சள். அரைத்த மஞ்சளை உருண்டை உருண்டையாகப் பிடித்து மிதக்கவிட்ட மாதிரி, கை அகலத் தவளைகள். ஒன்றிரண்டு இல்லை, கண் போன இடமெல்லாம். ஒவ்வொன்றின் தாடைக்குக் கீழும் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் கொப்புளம் ஊதியது, அடங்கியது, ஊதியது. மயில் கழுத்தில் இருக்கிற நீலம் அது. மழைத்தண்ணீர் தெளிந்து கிடந்ததால் அடியில் அவள் போட்ட புல் அப்படியே தெரிந்தது. கீழே அந்தப் பச்சை, மேலே இந்த மஞ்சள், நடுவே நீலம் ஊதி ஊதி அடங்குகிறது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நிறத்தைச் சேலைக் கடையில்கூடப் பார்த்ததில்லை.

தவளை அவளுக்குப் புதுசு இல்லை. இதே ஜாதிப் பெருந்தவளையை வயலில் பச்சையும் பழுப்புமாக எத்தனையோ பார்த்திருக்கிறாள். வருஷத்தில் முதல் பெருமழைக்கு, அதுவும் ஒரு பொழுதுக்கு மட்டும், ஆண் தவளைகள் இப்படி மாறும் என்று கேள்விப்பட்டதோடு சரி. சின்னப் பிள்ளையில் மழை என்றால் வீட்டுக்குள் பிடித்துப் போட்டுவிடுவார்கள். பெரியவள் ஆன பிறகு வந்த மழையெல்லாம் ஜன்னல் அடைத்த மில்லுக்கு வெளியே பெய்து போயிற்று.

சுவரோரம் புல் பாய் ஒன்று மெல்லத் தூக்கிக்கொண்டு எழுந்தது. விளிம்பு பிளந்தது. கறுப்பாய் ஒரு கரம்பைக் கட்டி வெளியே வந்தது. அந்தக் கட்டிக்குக் கண் இருந்தது. தூறல் அதன் முதுகைக் கழுவ, அது அசையாமல் உட்கார்ந்து இரண்டு தரம் கண்ணை மூடித் திறந்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கிப் போனது.

மாரீஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. இவை எங்கிருந்தோ வந்தவை இல்லை. இவள் மண்வெட்டியால் அள்ளி, வண்டியில் ஏற்றி, தட்டில் சுமந்து கொட்டியவை. கண்மாய் வற்றியதிலிருந்து அந்த மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. தலைக்கு மேல் பரம்பு ஓடியது. இரும்பு உருளை உருண்டது. புருஷனும் பெண்டாட்டியும் மேலே நின்று சண்டை போட்டார்கள். கீழே அவை பேசாமல் இருந்தன. இத்தனை உயிரின் மேல் நின்றுகொண்டா நான் மட்டம் பார்த்தேன் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமும் வந்தது, கும்பிடவும் தோன்றியது.

"மோட்டார் எங்க?" என்றார் சுபேதார். போர்டிகோவில் வேஷ்டியை மடித்துக் கட்டி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்தபடி அவர் மனைவி பரிபூரணம். "நாளைக்குள்ள தண்ணி இறங்கணும். மருந்து கிருந்து அடிச்சு இதெல்லாம் காலி பண்ணு. வெள்ளிக்கிழமை ஆள் வருது."

பாண்டிதுரை மோட்டாரை இறக்கி வைத்து, குழாயை இழுத்துக் கொடுத்தான். மாரீஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். குழாய் முனையை வைக்க ஆழமான இடம் தேடிக் குனிந்தாள். அவள் கைக்கு ஒரு ஜாண் தள்ளி ஒன்று உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. நகரவில்லை. அவளை அது பொருட்படுத்தவே இல்லை. இன்னும் ஒரு பெண் தவளை, பழுப்பாய், பெரியதாய், முதுகில் மஞ்சளைச் சுமந்துகொண்டு அவள் கெண்டைக்காலை உரசி நீந்திப் போனது. போன வழியில் கண்ணாடிப் பாசி மணி போல முட்டைகள் மிதந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.

நிமிர்ந்தாள். குழாயைக் கரையில் போட்டாள்.

"நான் மோட்டார் போட மாட்டேன் சார்."

"என்ன?"

"தப்பு என் மேலதான். புல்லுக்குக் கரம்பை போடக்கூடாது. வயலு மாதிரி மட்டம் பாத்திருக்கக்கூடாது. என் கைக்காசுல இம்புட்டையும் அள்ளிட்டுச் செம்மண்ணு அடிச்சுத் தாரேன். ஆனா இப்ப மாட்டேன். முட்ட விட்டுருக்கு சார். குஞ்சாகி ஏறிப் போகட்டும். பொறவு செய்யுதேன்."

"வெள்ளிக்கிழமைக்குப் பொறவு எனக்கு என்னத்துக்கும்மா?" சுபேதாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "வேலைக்கு ஒத்துக்கிட்டது நீ. முடிச்சுக் கொடு. முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன். உன் பேரச் சொல்லி நாலு பேர்ட்ட விசாரிச்சவன் நானு. அதே நாலு பேர்ட்டயும் இதையும் சொல்லுவேன்."

பாண்டிதுரை அவளைப் பார்த்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கும் தெரியும். பிள்ளைகள் முகம் வந்தது, மில் கேட் வந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க சார்," என்றாள்.

"செத்த நேரம் வாய மூடிட்டு நில்லுங்களேன்," என்றாள் பரிபூரணம். மாரீஸ்வரியை அல்ல, புருஷனை. "பாருங்க. எங்க சுந்தரபாண்டியத்துல சொல்லத்தான் கேட்டிருக்கேன். என் கண்ணால பாப்பேன்னு நெனைக்கல."

நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வெளிச்சம் மங்க மங்க அந்த மஞ்சள் மட்டும் மங்காமல் கிடந்தது. கடைசியில் சுபேதார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது என்று மாரீஸ்வரி எடுத்துக்கொண்டாள். பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. செம்பருத்தி மொட்டைக்கூட விடாதவள், போனை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. பாண்டிதுரையும் எடுக்கவில்லை. நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஒரு அழைப்பும் வரவில்லை. சாயங்காலம் பாண்டிதுரை திருப்பூருக்குப் போன் போட்டு, பழைய முதலாளியிடம் ஆள் தேவையா என்று கேட்டான். மாரீஸ்வரி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறியதும் பரிபூரணம் கூப்பிட்டாள். "ஏட்டி மாரீஸ்வரி, பால் காய்ச்சியாச்சு. ஊரே வந்தாச்சு. நீ எங்க? அவிய கேக்காவ."

எதற்குக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்துத் திட்டப் போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கப் போகிறவள் போல மாரீஸ்வரி வண்டியில் ஏறினாள்.

கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் செங்கல் அடுக்கி, கட்டிட வேலைக்குச் சாரம் கட்டுகிற பலகைகளைப் பாலம் மாதிரி போட்டிருந்தது. கீழே தண்ணீர் பாதி வற்றியிருந்தது. இரண்டு மூன்று தவளை மட்டும் சுவரோரம் கிடந்தது, பழுப்பாய், சாதாரணமாய், வாய் திறக்காமல். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. புல்லின் மேல் முட்டைகளின் கறுப்புப் புள்ளிகள் மட்டும் கலைந்து கிடந்தன.

போர்டிகோவில் நரைத்த மீசைகளாக ஒரே கூட்டம். அதில் சின்னக்கருப்பன் என்கிற ரிட்டயர்டு ஏட்டையா குரல்தான் பெரிது. "ஏலே சுயம்பு, கம்பளம் விரிச்சிருக்கேன், வந்து பாருன்னு போன்ல பீத்துன. கம்மாயில்ல வெட்டி வச்சிருக்க! பால் காய்ச்சுனது யாருக்குடே, தவளைக்கா?"

சிரிப்பு அடங்க நேரமானது. சுபேதார் சிரிக்கவில்லை. "முந்தாநாள் வந்திருக்கணும்லே நீங்க," என்றார். கையை விரித்தார். "இந்தா, இம்புட்டு இடமும் மஞ்சள். கழுத்துல நீலம். அது எப்பிடின்னா..." மேலே சொல்ல அவருக்கு வரவில்லை.

"மஞ்சத் தவளையா! விடியக் காலமே ஊத்திட்டியோ?" என்றார் ஏட்டையா.

மறுபடி சிரிப்பு. சுபேதார் முகம் சிவந்து அங்குமிங்கும் பார்த்தார். கேட்டருகே நின்ற மாரீஸ்வரி கண்ணில் பட்டாள்.

"அந்தா வந்துட்டா! ஏம்மா, இங்க வா. நீயாவது சொல்லு இவனுகளுக்கு. பாத்தோமா, இல்லையா?"

அவள் பலகை மேல் நடந்து வந்தாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதிர்பார்த்த கோபம் அவர் முகத்தில் இல்லை. கண்டதைச் சொன்னால் நம்ப ஆளில்லாத மனுஷனின் தவிப்புதான் இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். மண் பிளந்ததும், அந்தக் கட்டி கண் திறந்ததும், காலை உரசிப் போனதும் ஒன்றாக முன்னால் வந்து நின்றன.

"பாத்தோம்," என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. சின்னக்கருப்பன் பலகையோரம் வந்து தண்ணீரை உற்றுப் பார்த்தார். "திரும்ப வருமா தாயி?" என்றார், வேறு குரலில்.

"தெரியல ஐயா. மழ சொன்னா வரும்."

சுபேதார் அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள். "தண்ணி வத்துனதும் மண்ண எடுத்துருதேன் சார். செம்மண்ணு அடிச்சு, சரிவு வச்சு..."

"எடுக்காத," என்றார். "நேத்து இந்தப் பலகையப் போடுறதுக்கு ஒவ்வொரு செங்கலா நான்தான் வச்சேன், ஒரு முட்ட நசுங்காம. நான் புல்லு கேட்டேன். அதக் கேக்க எனக்குத் தெரிஞ்சுது. இதக் கேக்க எனக்குத் தெரியலையேம்மா." தண்ணீரைக் கையால் காட்டினார். "இனிமே இந்த இடத்துக்கு என்ன செய்யணும்?"

மாரீஸ்வரி யோசித்தாள். "ஒண்ணும் செய்யக்கூடாது சார்."

"அது எனக்கு ஆகாது," என்றார் சுபேதார். "சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்ல. எதையாவது வெட்டுவேன், கொத்துவேன், மட்டம் பாப்பேன். மாசாமாசம் நீ வந்து என்னயக் கைய வைக்க விடாமப் பாத்துக்கிடணும். சம்பளம் பேசிக்கிடுவோம். வருவியா?"

"வாரேன் சார்," என்றாள் மாரீஸ்வரி.